கிட்டங்கி நிழல்

தங்கப்பழம் அண்ணாச்சி தன் கிட்டங்கியின் நிழலைத் திருப்பிக் கேட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் அப்போதுதான் எடுத்த ஒரு படத்தைக் கரண்டிக் காம்பால் தேய்த்துக்கொண்டிருந்தேன், அது பாதியில் விடுகிற வேலை இல்லை, உள்ளே இருக்கிற மருந்து காய்வதற்குள் தேய்த்தால்தான் உண்டு, அதனால் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். உப்பு மூட்டை அடுக்குகிற தன் கிட்டங்கிக்கு நிழல் விழாமல் போய் மாதக்கணக்கில் ஆகிறது, வெயில் கிழக்கே நின்றாலும் மேற்கே நின்றாலும் கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் பளீரென்றுதான் கிடக்கிறது, லாரியைச் சுவரோரம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வந்த டிரைவருக்கு சீட்டில் உட்கார்ந்ததும் தொடை வெந்துவிட்டது, அங்கேயே படுத்துக் கிடந்த நாய்கூட வேறு முதலாளியின் சுவருக்குப் போய்விட்டது என்று, பம்பு ரிப்பேரைச் சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னார். பிறகு எடுத்தது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தேதான் கேட்டார். அவருடைய உப்பளத்திலேயேதான், பெரிய வரப்பின் மேல் என்றேன்.

"என் நெழலக் கொண்டுபோயி என் உப்பு மேலயே போட்டிருக்கியேலே" என்றார்.

அது உண்மை.

என் பெயர் கொம்பையா. தாத்தா பெயர், நான் கேட்டு வாங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேன். ஏன் நின்றாய் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், ஏதாவது பெரிய கதை இருக்கும் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், ஒன்றும் இல்லை, போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. எங்கள் ஊர் சங்குமேடு தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் இருக்கிறது, அங்கிருந்து சைக்கிளில் போய் ஹார்பர் பக்கம் ஒரு ஷெட்டில் பழைய பேப்பர் பிரிக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் படித்துத் தூக்கிப் போட்ட பேப்பர் எல்லாம் கப்பலில் கட்டுக் கட்டாக வரும், பேப்பரோடு ஒற்றைக் காலுறை வரும், பொம்மைத் தலை வரும், ஒரு தடவை யாருடைய பல்செட்டோ வந்தது. அப்படித்தான் அந்தக் கேமராவும் வந்தது, கூடவே பிரிக்காத பிலிம் பெட்டிகளும். அமுக்கினால் வயிற்றிலிருந்து படத்தை நீட்டுகிற கேமரா. பேப்பர் இல்லாத எதுவும் தனக்கு வேண்டாம் என்று ஷெட் முதலாளி சொன்னதால் எடுத்துக்கொண்டேன்.

பிலிம் என்றைக்கோ செத்துப்போன பிலிம். முதல் படம் அக்காவை எடுத்தேன், கூழ் கொட்டினது மாதிரி ஒரு பழுப்பு வந்தது. இரண்டாவது படம் சர்ச் கோபுரம், அதுவும் கூழ். வேறு யாராவது என்றால் தூக்கிப் போட்டிருப்பார்கள், எனக்கு அதுதான் பிடித்தது, ஏனென்றால் ஊரில் எல்லார் போனிலும் மூஞ்சிதான் இருக்கிறது, சாப்பிடுகிற மூஞ்சி, சிரிக்கிற மூஞ்சி, பைக்கில் சாய்ந்த மூஞ்சி, இதில் மட்டும்தான் மூஞ்சி இல்லை. அதற்குப் பிறகு மூஞ்சி வராமல் இருக்க நானே வேலை செய்ய ஆரம்பித்தேன். படம் வெளியே வந்த உடனே கரண்டிக் காம்பால் தேய்ப்பேன், மீன் ஐஸில் புதைப்பேன், டீ கொதிக்கிற ஆவியில் காட்டுவேன், அக்குளில் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பேன், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் வரும், ஐஸுக்கு ஊதா, ஆவிக்குச் செம்பு, அக்குளுக்குப் பாசி. இது என்னது என்று அக்கா கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு பாடு என்பாள். ஆமாம் என்பேன்.

அக்கா பெயர் சந்தனமாரி. அண்ணாச்சியின் அளத்தில் உப்பு சுமக்கிறாள். தோணியில் மாலத்தீவுக்குப் போன அப்பா அங்கேயே நின்றுவிட்டார், அம்மா இல்லை, வீட்டில் சோறு என்று ஒன்று இருந்தால் அது அக்கா கொண்டுவந்த சோறு. உப்பளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, கீழேயிருந்தும் வரும், பாத்தி பாத்தியாக வெள்ளை, குனிந்தாலும் வெள்ளை, நிமிர்ந்தாலும் வெள்ளை, அதற்கு நடுவில் தலையில் உப்புப் பெட்டியோடு நடந்து நடந்து அவள் கண் ரத்தச் சிவப்பாகி, பிறகு மங்க ஆரம்பித்தது. கண் முகாமுக்கு வந்த டாக்டரம்மா, இப்படியே போனால் பார்வை இருக்காது, வெளிச்சத்தில் நிற்காதே என்றார். வெளிச்சத்தில் நிற்காமல் உப்பளத்தில் எங்கே நிற்பது என்று அவர் சொல்லவில்லை. கொடுத்த கறுப்புக் கண்ணாடியின் திருகாணியை உப்பு தின்றுவிட்டது. சாயங்காலம் ஆனால் கொடியில் காய்கிற என் சட்டையைப் பார்த்து, சும்மா நிக்காம தண்ணிய எடுத்து வையிலே என்பாள். சட்டை என்ன செய்யும்.

இனி நிழல் வந்த கதை. ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுபோனபோது கிட்டங்கிச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன், நல்ல நிழல், சாக்கு வாடை அடிக்கிற குளிர்ந்த நிழல், சும்மா நிற்பானேன் என்று கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, சுவர் வராமல், கல் வராமல், நிழலின் ஓரம்கூட வராமல், நிழலை மட்டும் எடுத்தேன். தேய்த்தேன். எண்ணெய்ச் சட்டியின் அடி மாதிரி ஒரு கருநீலமும் அதில் பச்சையாக ஒரு நரம்பும் வந்தது. எனக்கே பிடித்திருந்தது. தூக்குச் சட்டிக்கு மூடி இல்லாததால் அதையே ரசத்தின் மேல் மூடி அக்காவிடம் கொடுத்தேன், அவள் வரப்பில் உட்கார்ந்து படத்தை எடுத்துப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தாள், நிழல் வந்தது. கிட்டங்கி அளவுக்கு, நாலு மூலையோடு, மழைத்தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் அதுவும் நீட்டிக்கொண்டு, வரப்பு, உப்பு அம்பாரம், பக்கத்துப் பாத்தியில் ஒரு ஓரம் எல்லாவற்றின் மேலும் வந்து படுத்தது. தூரத்தில் கிட்டங்கி நிழல் இல்லாமல் நின்றது.

பெண்கள் எல்லாரும் அவரவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பசி நேரம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பேச்சித்தாய்ச் சித்தி மட்டும், இன்னைக்குத்தாம்ட்டி ரசம் ரசம் மாதிரி இருக்கு என்றாள். கங்காணி லாசர் நிழலின் விளிம்பில் வந்து நின்று, ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடியும் வைத்து, யாரைக் கேட்டு இதைப் போட்டீர்கள் என்று விசாரித்தார். பிறகு அவரும் உள்ளே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எனக்குக் கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. பெரிய வரப்பில் கிடக்கிற கிட்டங்கி நிழல் பெட்டி சுமக்கிற வழியில் பாதிக்குத்தான் காணும், மீதிப் பாதிக்குத் தலைத்துணியில் குத்திக்கொள்கிற மாதிரி சின்ன நிழல் வேண்டும். தபால் பெட்டியின் நிழலை எடுத்தேன், விளக்குக் கம்பத்தின் நிழலை எடுத்தேன், தண்ணீர்த் தொட்டியின் நிழலை எடுத்தேன். அக்காவோடு உப்பு சுமக்கிற பிலோமி மைனிக்கு அவர்கள் வீட்டு ஆட்டின் நிழல், அதைக் குத்திக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் நிழல் கொஞ்சம் முன்னே பின்னே துள்ளும், எங்காவது உமிரிச் செடி கண்டால் நின்றுவிடும், மைனியும் நிற்பார், பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். நிழல் இல்லாத ஆடு வழக்கம்போல மேய்ந்தது. பஸ் நிறுத்தத்தின் நிழலை எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை, அங்கே பஸ்ஸும் நிற்பதில்லை. உன் நிழலில் டீசல் வாடை, உன் நிழலில் ஆட்டுப் புழுக்கை வாடை என்று பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் சரி, பிள்ளைக்கு நிழல் உண்டா என்று கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மேடைக்குப் பந்தல் செலவு மிச்சம் என்று பெரிய நிழலை ஒரு நாள் இரவல் கேட்டார், பெண்கள் கொடுக்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை, தேர்தல் பக்கத்தில் இருந்தது.

எல்லாப் படத்துக்கும் நிழல் வரவில்லை. ஒரு இலை நுனியோ சுவரின் விளிம்போ பட்டுவிட்டால் அது வெறும் படம். பார்க்கிற ஒருத்தராலும் இது என்னது என்று சொல்ல முடியாத படத்தில்தான் நிழல் இருந்தது. அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், லாசரால் தெரியும். ஒரு நாள் அவர் பேச்சித்தாய்ச் சித்தியின் தலையிலிருந்த விளக்குக் கம்பத்துப் படத்தை உற்றுப் பார்த்து, இது பன்னி மாதிரியில்லா இருக்கு என்றார். எல்லாரும் பார்த்தார்கள். பன்னிதான், காது, மூக்கு, சுருண்ட வால் எல்லாம் இருந்தது, அதுவரை எப்படித் தெரியாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழல் சித்தியின் தலையை விட்டு இறங்கி, சாயங்காலம் கோழி கூட்டுக்குப் போவது மாதிரி அவசரப்படாமல் வரப்பு வழியாக நடந்து ரோட்டுக்குப் போய்த் தன் கம்பத்தின் காலடியில் படுத்துக்கொண்டது. சித்தி லாசரைப் பேசிய பேச்சை எழுத முடியாது.

எங்கள் ஊரில் எதையும் பெயர் சொல்லாமல் விட மாட்டார்கள், அதுதான் பிரச்சினை. புதிதாக ஒருத்தன் வந்து இறங்கினால் மத்தியானத்துக்குள் அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிடும். சுவரில் ஈரம் படர்ந்தால்கூட அது யாரோ மாதிரி இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் போனது பக்தியால். அந்தப் படத்தில் பிலோமி மைனி மாதாவைப் பார்த்துவிட்டார். பக்கத்திலிருந்தவள் அது மாதா இல்லை மாரியம்மன் என்றாள், சேலைக் கரையைப் பாருங்கள் என்றாள். ஒரு பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், இன்னொரு பக்கம் குங்குமம் வைத்தார்கள், ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் ஒத்துக்கொள்ளாததால் நிழல் எங்கேயும் போகாமல் நின்றது, சண்டை வளர வளர நல்ல கெட்டியாகவே நின்றது. கடைசியில் டீக்கடைக்காரர் வந்து, எல்லாம் ஒரே தாய்தான், இதில் என்ன சண்டை என்று சமாதானம் செய்து வைத்தார். ஆமாம், ஒரே தாய்தான் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். நிழல் போய்விட்டது.

அதற்குப் பிறகு பெண்கள் கற்றுக்கொண்டார்கள். படத்தைப் பார்க்க நேர்ந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். அம்மா பின்னாலேயே வந்து படத்தைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்த பிள்ளைகள் வாயில் அடி வாங்கின. பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசாமல் உட்கார வைக்க அத்தனை வாத்தியார்களால் முடியவில்லை, இங்கே ஒரு அளமே பேசாமல் இருந்தது.

அடுத்த முகாமில் டாக்டரம்மா அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, சரியாகவில்லை, ஆனால் மோசமாகவும் ஆகவில்லையே, என்ன மருந்து போட்டாய் என்று கேட்டார். நிழல் என்றாள் அக்கா. நல்லது, அப்படியே இரு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தால் இன்னும் நல்லது, தெளிந்துவிடவும் கூடும் என்றார். அந்த நிலைமையில்தான் அண்ணாச்சி வந்தார்.

அவர் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கிறார். பத்திரத்தில் கட்டடம் இருக்கிறது, நிழல் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். இல்லை. நிழல் விழுந்த ஓரத்துப் பாத்தியில் தண்ணீர் உப்பாக உறையாமல் நிற்கிறது, அதையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். உங்கள் நிழல் உங்கள் உப்பைக் கெடுத்தால் உங்கள் மேல்தான் எழுத வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் என் வீட்டுக்கு வந்தார். நான் தேய்த்துக்கொண்டிருந்த படம்தான் கடைசி பிலிம், அவரோடு பேசின நேரத்தில் காய்ந்து போய், அதில் கரண்டிக் காம்பின் தடம் கரண்டிக் காம்பாகவே தெரிகிற மாதிரி விழுந்திருந்தது. இனி எடுக்க ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து, நாளைக்கு மத்தியானம் எல்லாரும் அளத்துக்கு வந்துருங்க, பேசித் தீத்துக்கிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் லாசர் பெரிய வரப்பில் அண்ணாச்சிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். எங்கே போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு நிழலுக்குள்தான் போட்டார், உச்சி வெயில், வேறு இடம் இல்லை. அண்ணாச்சி உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, சாக்கு வாடை அடிக்கிறது பார்த்தியா, என்னுடையதுதான் என்றார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அது அவருடைய கிட்டங்கியின் நிழல் என்பது ஆட்டுக்குக்கூடத் தெரியும். தெரிந்திருப்பது வேறு. படத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும், சொன்னதும் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அது அப்படியே தெரிய வேண்டும், அப்போதுதான் நிழல் போகும்.

அக்கா வரப்பில் மல்லாந்து கிடந்த படத்தை அப்படியே அவர் காலடிக்கு நகர்த்தி வைத்தாள். அண்ணாச்சி குனிந்து பார்த்து, இது என் கிட்டங்கிச் சுவர் என்றார். எல்லாரும் பார்த்தோம். சுவர் தெரியவில்லை. அவர் கூட்டிவந்த டிரைவர் ஆட்டு ஈரல் என்றார், தெரியவில்லை. கணக்கப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலங்கை மேப் என்றார், லாசர் மட்டும் ஒரு நிமிஷம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இல்லை, யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கணக்கப்பிள்ளைக்குக் காட்ட முடியவில்லை. பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, பாதிப் பேர் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். எடுத்தவன் சொன்னால் எல்லாருக்கும் தெரியும், அது அவருக்கும் விளங்கிவிட்டது.

"கொம்பையா, எங்கன வச்சி எடுத்த, அதப் பாத்துச் சொல்லு, போதும்" என்றார். "எட போடுத ரூம்புல ஒங்க அக்காளுக்கு வேல. நாற்காலி, ஃபேனு, சன்னலுக்குத் திரை. இன்னைக்கே போயி உக்காரட்டும். நான் சொன்னா மாற மாட்டேன்."

மாற மாட்டார். அது ஊருக்கே தெரியும். எடை அறை கிட்டங்கியின் உள்ளே இருக்கிறது, உச்சி வெயிலிலும் அங்கே விளக்குப் போட்டுத்தான் உட்கார வேண்டும், டாக்டரம்மா சொன்ன வேலை அதுதான். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். பிலோமி மைனியின் கண்ணும் சிவப்புதான், பேச்சித்தாய்ச் சித்திக்கு ஒரு கண்ணில் ஏற்கனவே பூ விழுந்துவிட்டது, அவர்கள் இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்களே தவிர என்னைப் பார்க்கவில்லை. சொல்லாதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்து உடனே சொல்லியிருப்பேன்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சேலையால் கண்ணைத் துடைத்தாள், அழவில்லை, அது எப்போதும் வடிகிற தண்ணீர்.

"சொல்லுலே" என்றாள். "எனக்கு ஃபேன் வேணும். நீ என்ன படம்னு சொல்லு."

நான் குனிந்து பார்த்தேன். கருநீலம், அதில் பச்சையாக ஒரு நரம்பு. எங்கே நின்று எடுத்தேன் என்று எனக்குத் தெரியும், கேமரா தரையில் இருந்தது, சுவர் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது, சொல்வதற்கு ஒரு வார்த்தைதான், அது பொய்யும் இல்லை. சொன்னால் சுவர் வந்துவிடும், செங்கல் செங்கலாக எல்லாருக்கும் தெரியும், அதற்கு முன்னால் எப்படித் தெரியாமல் போனது என்று ஆச்சரியப்படுவார்கள், நிழல் எழுந்து வரப்பு வழியாக மெதுவாக நடந்து போகும், இவர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே வெள்ளையில் நிற்பார்கள், அக்கா மட்டும் நிழலின் பின்னாலேயே கிட்டங்கிக்கு நடப்பாள். அவளுக்கு வழி தெரியும். கண்ணை மூடிக்கொண்டே போவாள்.

லாசர் பீடியை அணைத்தார். நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து அண்ணாச்சியின் நாற்காலிக்குக் கீழே படுத்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு, அவசரம் இல்ல, யோசிச்சே சொல்லு என்றார். கணக்கப்பிள்ளை சொல்லு என்றார். டிரைவர் சொல்லிருப்பா, சோலிய முடி என்றார். அக்கா என் பக்கத்தில் வந்து, உப்பில் வெடித்த விரலால் என் முழங்கையைப் பிடித்து, ஒனக்குச் சோறு போட்டது யாருலே, சொல்லு என்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். நிழல் குளிர்ச்சியாக இருந்தது. வாயைத் திறந்தேன், கொட்டாவி வந்தது, விட்டேன், மூடிக்கொண்டேன். சொல்லவில்லை.